எழுபத்திரண்டுக்குக் கீழே

காணத் துவையல் அரைக்கும்போது ஒரு கை தேங்காய் சேர்த்தால்தான் தொண்டையில் இறங்கும். சேர்க்காமல் அரைத்தால் மண்ணைப் பிசைந்து வைத்த மாதிரி இருக்கும். கொள்ளைத்தான் எங்கள் பக்கம் காணம் என்போம். நேற்றுவரை இந்த ஊரில் அதைத் தின்றது வண்டிமாடு. கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ போனில் சொன்ன பிறகு தென்காசி மளிகைக் கடைகளில் அதற்குத் தனி டப்பா, தனி மரியாதை. எத்தனை மாடு இளைத்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

துவையலில் ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் மேலகரத்தில் காலையில் நடக்கப் போகிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மகளிர் தினத்துக்குக் கூட்டம் போடுகிறார்களாம். அதில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு, 'மனைவியின் உடல்நலத்தில் கணவனின் பங்கு'. மகளிர் தினத்தில் பேசுவதற்கு ஆண்பிள்ளையையா கூப்பிடுவார்கள் என்று கேட்காதீர்கள். அந்தப் பங்கை ஒழுங்காகச் செய்த ஆண்பிள்ளை இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். பொன்னாடையும் உண்டு. மேடையில் துவையலைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் பேசிவிட்டு இறங்கிவிடுவேன். மீதியை யாரிடமாவது சொன்னால் தேவலை போல இருக்கிறது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

என் பெயர் வல்லிநாயகம். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறேன். நேந்திரங்காய், மரச்சீனிக் கிழங்கு, பாகற்காய் எல்லாம் வாடிக்கையாளர் கண் முன்னால் சீவிப் போட்டு எடுப்போம். முப்பது வருசம் வாணலி முன்னால் நின்றவனுக்குப் படிப்பு எதுவும் வேண்டாம். எந்தப் பொருள் எவ்வளவு எண்ணெய் குடிக்கும், குடித்ததை வெளியே காட்டுமா, உள்ளேயே வைத்துக்கொள்ளுமா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். நேந்திரங்காய் குடித்ததைக் கையில் ஒட்டிக் காட்டிக் கொடுத்துவிடும். கத்தரிக்காய் அப்படி இல்லை. பக்குவமாக வதக்கிவிட்டால் எவ்வளவு குடித்தாலும் வாயைத் திறக்காது. எனக்குக் கத்தரிக்காய் பிடிக்கும்.

என் மனைவி பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக ஊர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படும். அவளைப் பார்த்துப் பரிதாபப்பட ஒன்றுமில்லை. அவள் கல்யாணம் ஆகி வரும்போதே ஒரு பிள்ளையோடு வந்தவள்தான். தம்பி முத்துகுமரன். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததால் சின்ன வயதிலேயே அவன் இவள் இடுப்பில் ஏறிவிட்டான். இடுப்பிலிருந்து இறங்கினானா என்று கேட்டால், மீசை முளைத்த பிறகும் இறங்கவில்லை என்பேன். முதல் தோசை அவனுக்கு. பொரித்த அப்பளத்தில் உடையாதது அவனுக்கு. நான் கடையிலிருந்து வந்தால், "கை கழுவிட்டு வாங்க," என்பாள். அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கே போவாள். நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. சும்மா ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பையன் நல்ல பையன். அதைச் சொல்லிவிட வேண்டும். லீவு நாளில் என் கடையில் வாணலி பக்கம் நின்று வேலை கற்றான். அப்புறம் வயரிங் வேலைக்குப் போய், குத்துக்கல்வலசையில் சின்னதாக ஒரு வீடும் கட்டினான். பொன்செல்வி என்று ஒருத்தியைக் கட்டி வைத்தோம். ஒரு ஆண் குழந்தை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் முகம் வீங்கியது, கால் வீங்கியது. பிரஷர் இருந்தது தெரியாமலே இருந்து இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். தென்காசியில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. பொன்செல்விக்குச் சர்க்கரை, அவள் கொடுக்க முடியாது. கொடுக்கக்கூடிய ஒரே ஆள் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி. ரத்தம் சேர்ந்தது, மற்றதெல்லாம் சேர்ந்தது. "ஒங்க சம்மதம் வேணும்," என்று டாக்டர் என்னைப் பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள். முத்துகுமரன் மட்டும் தரையைப் பார்த்தான். "இதுல கேக்க என்ன இருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பொன்செல்வி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என் காலில் விழுந்தாள். வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எங்கள் தெரு முழுக்கப் பரவி, எதிர்வீட்டு அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம்மள மாதிரி மனுசன் உண்டுமாய்யா," என்றார். இருபது வருசமாக என்னிடம் ஒரு 'வாரும்' சொல்லாத மனிதர்.

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லிப் பாருங்கள், தெரியும். பெண்டாட்டியின் தம்பியைச் சாகவிட்டவன் என்று பெயர் எடுத்துவிட்டு இந்த ஊரில் கடை நடத்த முடியுமா? வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியுமா? அதே நேரம், ஆபரேஷன் முடிந்து அவள் மாதக்கணக்கில் படுத்திருப்பாள். அப்புறம் ஒரு கிட்னியோடு காலம் தள்ளுவாள். அந்த மீதி ஒன்றுக்கு ஏதாவது ஆனால் பார்க்கப் போகிறவன் நான். அவளிடம் இருப்பதில் பாதியை அவனுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை என்னிடம் விடுகிறார்கள். நானாக இருந்ததால் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அதிர்ஷ்டம், என் பக்கம் ஒரு ஆள் இருந்தது. அவளுடைய உடம்பு. என் மனைவி அப்போது எண்பத்து நாலு கிலோ. இந்த உயரத்துக்கு இந்த எடையில் அறுக்க முடியாது, எழுபத்திரண்டுக்குக் கீழே கொண்டு வாருங்கள், வந்ததும் தேதி குறிக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நெய் இல்லாமல் இட்லி தொடாதவள், மத்தியானம் ஒரு தூக்கம் போடாவிட்டால் தலைவலிக்கிறவள், பன்னிரண்டு கிலோவை இறக்கப் போகிறாளாம். நான் சொல்ல வேண்டிய 'வேண்டாம்' என்ற வார்த்தையை அவள் உடம்பே சொல்லிவிடும் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சண்முகப்பிரியா என்று ஒரு டயட்டீஷியன் பெண். ஒல்லியாக, துடைப்பக்குச்சிக்குக் கோட்டு மாட்டிய மாதிரி இருப்பாள். அவள்தான் என் மனைவியின் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். வாயில் போடுகிற ஒவ்வொன்றையும் அதில் தட்டிவிட வேண்டும். அது கலோரி சொல்லும். நாள் ஒன்றுக்கு ஆயிரத்து இருநூறு, அதற்கு மேல் போகக்கூடாது. 'நடுத்தர தோசை ஒன்று' என்று அந்த ஆப்பில் போட்டிருக்கும். யார் வீட்டு நடுத்தரம்? எங்கள் அத்தை வீட்டுத் தோசையா, செங்கோட்டை ஓட்டல் தோசையா? ஒரு தோசையை நேரில் பார்க்காமலேயே அதற்கு எண் போட்டுவிடுகிற அறிவு உலகத்தில் வந்துவிட்டது. வாழ்த்துகள்.

ஆனால் ஒன்று நான் எதிர்பார்க்கவில்லை. குழல்வாய்மொழி விடிவதற்கு முன் எழுந்து மேலகரத்திலிருந்து குற்றாலம் வரைக்கும் நடந்தாள். அவளே சமைத்தாள். சோற்றைத் தராசில் வைத்துத் தின்றாள். நெய்ச் சட்டியைத் துணி கட்டி மேல் அலமாரியில் தூக்கி வைத்துவிட்டாள். பசியில் கண் கலங்கும். கலங்கினால், "குமரன் மொகத்த நெனச்சிக்கிடுதேன்," என்பாள். கொஞ்ச நாளில் எழுபத்தொன்பதுக்கு வந்துவிட்டாள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட அவள் எனக்காக ஒரு வேளை பட்டினி கிடந்திருப்பாளா என்று யோசித்துப் பார்த்தேன்.

"நீ நட. நான் சமைச்சுத் தாரேன்," என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். செய்தி எட்டியதும் எதிர்வீட்டு அண்ணாச்சியின் மனைவி அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தாள். சாரல் முடிந்து குற்றாலம் காய்ந்து கிடந்த நேரம், கடையை வேலையாள் பார்த்துக்கொண்டான். நான் அடுக்களைக்குள் நுழைந்தேன்.

நான் எதையும் கள்ளத்தனமாகச் செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைத் தராசை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வருசா வருசம் அரசாங்க முத்திரை வைத்த தராசு. அதில்தான் அவள் கண் முன்னால் எல்லாவற்றையும் நிறுத்தேன். கத்தரிக்காய் நூற்றைம்பது கிராம் என்றால் நூற்றைம்பது கிராம்தான். நான் சொல்வேன், அவள் போனில் தட்டுவாள். எடையில் ஒரு கிராம்கூட நான் ஏமாற்றியதில்லை. அந்தக் கத்தரிக்காய் எவ்வளவு எண்ணெய் குடித்திருக்கிறது என்று ஆப் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்புறம் கஞ்சி. கேப்பைக் கஞ்சி என்பது அந்த ஆப்பின் அகராதியில் மகா சாது. அதில் முந்திரியை வெண்ணெய் மாதிரி அரைத்துக் கலக்கினால் கஞ்சி கொஞ்சம் கெட்டியாகும், அவ்வளவுதான். இட்லி மாவில் நன்றாகக் காய்ச்சி ஆறவைத்த எண்ணெயை ஊற்றி அடித்தால் இட்லி பூ மாதிரி வரும். சப்பாத்தி மாவும் அப்படித்தான், நிறையக் குடிக்கும். காணத் துவையலில் தேங்காய் தெரியும், அதனால் எள்ளு. பசியில் காய்ந்த நாக்குக்கு எதைக் கொடுத்தாலும் ருசிதானே. "எண்ணெயே இல்லாம எப்படிங்க இப்படி வருது?" என்று கேட்டாள். "கைப்பக்குவம்," என்றேன். பொய்யா?

அவள் ஏறி நின்று எடை பார்க்கிற மெஷினில் முள் எழுபத்தொன்பதில் நின்றது. நின்றது என்றால், ஆணி அடித்த மாதிரி. சில வாரம் எண்பது காட்டியது. அவள் நடையைக் கூட்டினாள். போகும்போதும் வரும்போதும் நடந்தாள். ஆயிரத்து இருநூறை ஆயிரமாக்கினாள். அளவு குறையக் குறைய நான் சத்தைக் கூட்டினேன். யாராக இருந்தாலும் சாப்பாடு குறைந்தால் சத்துள்ளதாகக் கொடுக்க வேண்டுமில்லையா?

திருநெல்வேலிக்குப் போனோம். சண்முகப்பிரியா போனைப் பார்த்தாள், எடையைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள். தைராய்டு, அது இது என்று ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம்.

"அக்கா, கணக்கு ஒண்ணு சொல்லுது, ஒடம்பு வேற சொல்லுது. ஒளிச்சு வச்சு ஏதும் சாப்பிடுதீங்களா? சொல்லுங்க, நான் ஏச மாட்டேன்."

"சாமி சத்தியமா இல்லம்மா. இவுக அளந்து தாரதுதான். இவுககிட்டயே கேளுங்க."

அந்தப் பெண் என்னைக் கேட்டாள். "அவ சாப்பிடுத ஒவ்வொரு வாய்க்கும் நான் சாட்சி," என்றேன். உண்மைதானே. எனக்குத் தெரியாமல் ஒரு பருக்கை அவள் வாய்க்குள் போனதில்லை. சண்முகப்பிரியா என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. திருட்டுத்தனமாகத் தின்கிற பெண்டாட்டியைக் காட்டிக் கொடுக்காத புருசன் என்று எடுத்துக்கொண்டாள் போல. படித்த பெண்.

பொன்செல்விக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில், புருசனையும் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"மைனி, மனசில்லேன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா? தரேன் தரேன்னு சொல்லிட்டு எதுக்கு இப்படி இழுத்தடிக்கீக? வாயக் கட்ட முடியாத ஒங்களுக்காக எம்புள்ள தகப்பன் இல்லாம நிக்கணுமா?"

"ஏட்டி, சும்மா கெட," என்றான் முத்துகுமரன். "அக்காவ ஒரு வார்த்த சொன்னேன்னா தெரியும்."

குழல்வாய்மொழி கையிலிருந்த குழந்தையைப் பொன்செல்வி வாங்கிக்கொண்டு போனாள். நான்தான் எழுந்து நின்று, "இவள மாதிரி ஒரு அக்கா ஒலகத்துல கெடையாது, நாக்க அடக்கிப் பேசு," என்று பொன்செல்வியை நாலு வார்த்தை கேட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது குழல்வாய்மொழி பைக்கில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்படி என் தோளைப் பிடித்து வெகு காலம் ஆகியிருந்தது.

சிவகிரியில் எனக்கு ஒரு சித்தி இருந்தாள் என்றும், அவள் தூக்கத்திலேயே எழுந்து போய்ச் சோற்றுப் பானையை வழித்துத் தின்றுவிட்டுக் காலையில் தெரியாது என்பாள் என்றும் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். சிவகிரியில் எனக்குச் சித்தி யாரும் இல்லை. பேச்சுக்குச் சொன்னதுதான். நாலைந்து நாள் கழித்து அவளே வந்தாள்.

"நானும் அப்படித் திங்கேனோ என்னவோ, எனக்கே தெரியலங்க. அடுக்களையப் பூட்டிச் சாவிய நீங்க வச்சிக்கிடுங்க."

தன் வீட்டு அடுக்களைக்குப் பூட்டுப் போடச் சொல்லுகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் மறுத்துப் பார்த்தேன். கெஞ்சினாள். அரைஞாண் கயிற்றில் சாவியைக் கோத்துக்கொண்டேன். அது முதல் அவள் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது முகம் எப்படி இருந்தது என்றால், புதுப்பெண்ணாக வந்தபோது இருந்த மாதிரி இருந்தது.

ஆனி பிறந்து சாரல் கட்டியதும் நான் கடைக்குப் போயே ஆக வேண்டியதாயிற்று. வருசச் சம்பாத்தியமே அந்த இரண்டு மாதம்தான். சாவியைப் பொன்செல்வியிடம் கொடுக்கச் சொன்னாள் குழல்வாய்மொழி; பொன்செல்வி காலையில் வந்து வெறும் கஞ்சியும் வேகவைத்த காயும் வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனாள். மைனி மீது இருந்த ஆத்திரத்தில் உப்புகூடப் போட்டிருக்க மாட்டாள். நான் அருவிக் கூட்டத்துக்குச் சிப்ஸ் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன், இங்கே முள் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. எழுபத்தைந்து. சண்முகப்பிரியா கைதட்டினாளாம். டாக்டர், எழுபத்திரண்டைத் தொட்டவுடன் மறுநாளே வாருங்கள், முத்துகுமரனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது, அதிக நாள் தள்ள முடியாது என்றாராம்.

நான் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சீசன் உச்சத்தில். பக்கத்துக் கடைக்காரர் மகாராஜா, "வே, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒமக்கு?" என்றார். விஷயம் தெரிந்ததும் அவரே நாலு பேரிடம் சொல்லிப் புல்லரித்துப் போனார். பொன்செல்வி சாவியைத் திருப்பித் தந்தபோது கும்பிட்டாள்.

அந்த வாரத்தில்தான் முத்துகுமரன் வீட்டுக்கு வந்தான். டயாலிசிஸ் முடிந்து நேராக வந்திருந்தான்; முகம் சாம்பல் பூத்திருந்தது. அவளுக்கு எடுத்து வைத்திருந்த தட்டு மேஜை மேல் இருந்தது. அவள் உள்ளே சேலை மாற்றப் போயிருந்தாள். சும்மா ஒரு துண்டு கத்தரிக்காயை எடுத்து வாயில் போட்டான். மெதுவாக மென்றான். என் வாணலி முன்னால் நின்று வளர்ந்த பிள்ளை, அதை மறந்துவிட்டேன்.

"எவ்ளோ விடுதீங்க அத்தான்?"

தட்டை என் பக்கம் நகர்த்தினேன்.

"ரெண்டு கரண்டி இருக்குமா?"

"மூணு," என்றேன். நேருக்கு நேர் கேட்டால் எனக்குப் பொய் வராது.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளறையில் அவள் வளையல் சத்தம் கேட்டது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்.

"இன்னும் கொஞ்சந்தான் அத்தான் இருக்கு. இனிமே விடாதீங்க. எம்புள்ள சின்னப் புள்ள." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். சொன்னா இந்த நிமிசமே ஒங்கள விட்டுட்டுப் பையத் தூக்கிட்டுக் கெளம்பிருவா. எனக்கு ஏதும் ஆயிட்டுன்னா அப்புறம் அவளுக்கு ஆரு இருக்கா? நீங்கதான பாக்கணும்."

"சரி," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் வெளியே வந்ததும், "அத்தான் சமையல் பிரமாதம்க்கா," என்று சிரித்தான். இன்றைக்கும் நான் நினைத்துப் பார்ப்பது இதைத்தான்: அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தான். அப்படியானால் இதில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு இல்லையா?

சொன்னபடி எண்ணெயை நிறுத்தினேன். நம்பினால் நம்புங்கள். முந்திரி டப்பாவை எடுத்துக் கடைக்கே அனுப்பிவிட்டேன். உடனே முள் இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் எடை பார்த்துவிட்டுச் சின்னப் பெண் மாதிரி ஓடி வந்தாள். நான் கையில் கரண்டியோடு நிற்கிறேன். என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, என்னைத் தாண்டி அலமாரியிலிருந்த போனை எடுத்தாள்.

"ஏலே குமரா, எறங்கிட்டுல்லா," என்றாள். "எஞ்சாமி, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ. அக்கா வந்துருதேன்."

எடை இறங்கியதை என்னிடம் சொல்லவில்லை. போனில் அவனிடம் சொன்னதைக் கேட்டுத்தான் நானும் தெரிந்துகொண்டேன். இத்தனை காலம் அடுக்களையில் வெந்தவன் ஒருவன் பக்கத்தில் நிற்கிறான் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. பொறாமை என்றால் பொறாமை. அதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட நான் தயாரில்லை. அன்று மத்தியானம் கத்தரிக்காய் வதக்கும்போது கை தானாக எண்ணெய்ப் பக்கம் போனது. மூன்று கரண்டி போதவில்லை போலத் தோன்றியது.

முள் மறுபடி ஏறியது. அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். முத்துகுமரன் அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. போனில் பேசும்போது, "பரவால்லக்கா, அவசரமில்ல," என்பானாம். ஐப்பசி மழையில் ஒரு நாள், டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு நின்றுவிட்டது. அன்று காலை அவள் எழுபத்தாறு கிலோ.

உடம்பைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்ததிலிருந்து எல்லாக் காரியத்திலும் நான்தான் முன்னால் நின்றேன். கொள்ளி வைத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றதும் நான்தான். பொன்செல்வி என் மனைவியைக் கிட்டே வரவிடவில்லை. "தின்னே கொன்னுட்டியே," என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. பெண்கள் கூட்டத்தில் என் மனைவி தனியாக ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதையும் ஊர் பார்த்தது.

ஆக, முத்துகுமரனைக் கொன்றது நான்தான் என்று சொல்ல வேண்டும் என்றால் சொல்லிவிடுகிறேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. எழுபத்திரண்டைத் தொடவிடாமல் அவளைப் பிடித்து வைத்திருந்தது நான்தான், தெரிந்தேதான், கடைசிவரைக்கும்தான். ஆனால் நான் ஊற்றியது நல்ல எண்ணெய். ஒரு முறை காய்ச்சியதை மறுமுறை அவள் சாப்பாட்டில் விட்டதே இல்லை. அவள் உடம்பு ஒரு குறையுமில்லாமல் முழுசாக இருக்கிறது. அவன் கேட்டுக்கொண்ட மாதிரியே அவளைப் பார்த்துக்கொள்கிறேன். செத்தவனுக்குக் கொடுத்த வாக்கை இந்தக் காலத்தில் யார் காப்பாற்றுகிறார்கள்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவள் என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்," என்றாள். "ஆடியில ஒரு நாள் நடந்து போகும்போது குத்தாலநாதர் கோயிலுக்குள்ள போனேன். குமரனுக்காகக் கும்பிட்டேன். சக்கரப் பொங்கல் கொடுத்தாங்க. சாமி பிரசாதம், வேண்டாம்னு சொல்லக்கூடாதுன்னு ஒரு தொன்ன வாங்கித் தின்னேன். அப்புறம்..." அவளுக்கு மூச்சு முட்டியது. "ரெண்டாவது தொன்ன நானா கேட்டு வாங்கினேன். நெய் ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. திங்கும்போது எனக்குக் குமரன் நெனப்பே வரல. போன்லயும் தட்டல. அதுதான் அவனக் கொன்னுட்டு. பொன்செல்வி சொன்னது நெசந்தான்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தொன்னை, நெய்யோடு சேர்த்து, ஐந்நூறு கலோரிக்கு மேல் போகாது. ஒரு நாள், ஒரே ஒரு தடவை. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை, சொன்னால் மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்பாள்.

"ஆருகிட்டயும் சொல்லிராதீங்க," என்றாள். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்ன மன்னிச்சிருவீங்களா?"

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். இத்தனை வருசத்தில் அவள் முழுக்க முழுக்க என்னிடம் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான். வேறு ஒருவனாக இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பான். நான் அந்த இரண்டாவது தொன்னையை மன்னித்துவிட்டேன்.